இரண்டு பக்கத்துக்கும் ஒரே தண்ணீர்

நீங்கள் சாப்பிடும்போது கவனித்தேன், மேடம். இடப்பக்கமாக மட்டும் மெல்லுகிறீர்கள். வலப்பக்கம் கடைவாய்ப் பல்லில் ஏதோ தொந்தரவு இருக்க வேண்டும். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எதிரே இருப்பவரின் வாயைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. முதன்முதலில் சந்தித்த அன்று தன் முகத்தையே நான் பார்க்கவில்லை, சிரித்தபோது தெரிந்த ஈறைத்தான் பார்த்தேன் என்று என் மனைவி இன்றுவரை சொல்லிக் காட்டுவாள். இன்றுவரை என்றா சொன்னேன். போன மாதம்வரை.

ஒரு வாய்க்கு இரண்டு பக்கம் இருப்பது எங்கள் தொழிலில் பெரிய வசதி. ஒரே மனிதர், ஒரே ரத்தம், ஒரே சாப்பாடு, ஒரே எச்சில். ஒரு பக்கம் புதுப் பொருளை வைத்து, மறுபக்கம் பழையதை வைத்தால் எது மேல் என்று அந்த வாயே சொல்லிவிடும். பல் மருத்துவ ஆராய்ச்சியில் எல்லோருக்கும் தெரிந்த முறை இது, நான் கண்டுபிடித்ததல்ல. இதயத்தில் ஆராய்ச்சி செய்கிறவனுக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது, பாவம்.

நேற்று நீங்கள் படித்துக் காட்டிய குற்றச்சாட்டில் நான் கையெழுத்துப் போடாதது திமிரால் இல்லை. "அனுமதி பெறாத எலும்புப் பொடியை மாமியாரின் தாடையில் வைக்கச் செய்து, அந்தப் பொடியால் ஏற்பட்ட கிருமித் தொற்றில் மரணம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு தவறு இருக்கிறது. அந்தத் தவறை அப்படியே விட்டுவிடுங்கள் என்று என் வக்கீல் கெஞ்சாத குறையாகச் சொல்கிறார். கவனக்குறைவு என்று போய்விடும், சீக்கிரம் வெளியே வந்துவிடலாம் என்கிறார். நல்ல மனிதர், தன் வேலையைச் செய்கிறார். ஆனால் பொடியின் தலையில் பழி விழுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

பொடி என்றதும் முகத்துக்குப் போடும் பவுடரை நினைக்காதீர்கள். கல் உப்பை ஒன்றிரண்டாக இடித்தால் வருமே, அந்தப் பதம். ஒவ்வொரு மணியிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. பல் போன இடத்தில் தாடை எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மெலியும். ஈறைத் திறந்து, மெலிந்த எலும்பின்மேல் பொடியைப் பரப்பித் தைத்துவிட்டால், எலும்பு அந்தத் துளைகளுக்குள் புகுந்து வளரும். எலும்பு வளர வளரப் பொடி கரைந்து இடத்தை விட்டுப் போய்விடும், தகராறு செய்யாமல் வீட்டைக் காலி செய்கிற குடித்தனக்காரர் மாதிரி. எலும்பு பலப்பட்டதும் அதில் திருகு இறக்கிப் பல்லைப் பொருத்தலாம், ஆடாது.

இதையெல்லாம் செய்கிற பொடிகள் ஏற்கெனவே விற்பனையில் இருக்கின்றன. என்னுடையதில் கூடுதலாக ஒன்று. உலையில் வேகும்போதே துளியூண்டு வெள்ளி சேர்த்திருக்கிறேன். அதனால் கிருமி அண்டாது. வெள்ளி கூடினால் எலும்பு சாகும், குறைந்தால் கிருமி பிழைக்கும். இரண்டுக்கும் நடுவில் அந்த அளவைப் பிடிப்பதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது. ஒரு குழந்தை வேண்டாமா என்று மனைவி கேட்டுக்கொண்டிருந்த வருடங்கள் எல்லாம் அந்த உலைக்கு முன்னால்தான் கழிந்தன. அதில் எனக்கு வருத்தம் இல்லை. அவளுக்கு இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

இனி அத்தை. என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும், எது எவ்வளவு தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொல்லும் குரல் அவருடையது. அவர் தாமதம் என்று சொன்னால் ரயில்வேயைத் திட்டக்கூட மனசு வராது என்று பயணிகள் சொல்வார்களாம். இதைச் சொன்னதும் அத்தையேதான். ஓய்வு பெற்று எங்களோடு வந்து தங்கிய பிறகும் அந்தத் தோரணை போகவில்லை. நான் குளியலறையில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டால் போதும், கதவுக்கு வெளியே வந்து நிற்பார். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. குளியலறையில் உள்ள மாப்பிள்ளை இன்னும் சற்று நேரத்தில் வெளியே வருவார் என்று எதிர்பார்க்கப்படுகிறது. தாமதத்திற்கு வருந்துகிறோம்." மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். நானும் உள்ளே நின்று சிரித்திருக்கிறேன். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். வெறுப்பில் செய்தேன் என்று யாராவது சொன்னால் அதை நம்பாதீர்கள்.

சர்க்கரை நோய் அவருடைய பற்களை ஒன்று விடாமல் கொண்டுபோயிருந்தது. மேல் பல்செட் ஒட்டிக்கொண்டு நிற்கும். கீழ்ச்செட்டுக்குத்தான் பிடிமானம் இல்லை. தாடை எலும்பு தேய்ந்து தட்டையாகிவிட்டதால் பேசும்போது செட் எழும்பி எழும்பி விழும், டக் டக் என்று சத்தம் கேட்கும். பார்வையற்றோர் நூலகம் ஒன்றிலிருந்து அவரைக் கூப்பிட்டிருந்தார்கள், புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து தர வேண்டும் என்று. அத்தை பூரித்துப் போனார். புடவைக்கு இஸ்திரி போட்டு, கண்ணாடி முன்னால் நின்று வாசித்துப் பார்த்துவிட்டுப் போனார். அங்கே ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் பதிவு செய்கிறவர் நிறுத்திவிட்டாராம். "அம்மா, குரல் அருமையா இருக்கு. ஆனா பின்னாடி யாரோ கட்டைச் செருப்புப் போட்டு நடக்கற மாதிரி ஒரு சத்தம் வருதே" என்றாராம்.

வீட்டுக்கு வந்து அதையும் நடித்துக் காட்டி எங்களைச் சிரிக்க வைத்தார். அப்புறம் செட்டைக் கழற்றிக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் அவரே கேட்டார். "மாப்பிள்ளை, ஊருக்கெல்லாம் பல்பொடி கண்டுபிடிக்கறீங்களே, எனக்குக் கொஞ்சம் போட்டுவிடக் கூடாதா?"

பல்பொடி இல்லை, எலும்புப் பொடி என்று அவருக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன். அக்கம்பக்கத்து வீடுகளிலும் அவர் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார். வழியில் பார்க்கிறவர்கள் "சார், பல்பொடி எப்போ கடைக்கு வருது?" என்று விசாரிப்பார்கள். அதற்காக நான் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

அந்த வாரம்தான் நெறிமுறைக் குழு கூடியது. மனிதர்களிடம் எதையும் சோதித்துப் பார்க்க அனுமதி தரும் குழு. ஆடுகளில் கிடைத்த முடிவுகளைத் திரையில் காட்டினேன். தாடையின் இரண்டு பக்கமும் கிருமியை வைத்து, ஒரு பக்கம் என் பொடி, மறுபக்கம் கடைப் பொடி. என் பக்கம் சுத்தம், கடைப் பக்கம் சீழ். குழுத் தலைவர் ஓய்வு பெற்ற அறுவை மருத்துவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே பேசினார்.

"ஆட்டு வாய் வேற, மனுஷன் வாய் வேற. சர்க்கரைக்காரங்க வாய் அதைவிட வேற. சுத்தமான காயத்துல எந்தப் பொடியும் பிடிச்சுக்கும். கிருமி இருக்கற வாயில உங்க பொடி நிக்குமா? அதைச் சொல்லுங்க."

"அதுக்குத்தான் சார் அனுமதி கேக்கறேன்" என்றேன்.

"என்னது, மனுஷன் வாயில கிருமியை வெச்சுப் பாக்கவா? நல்லா இருக்கே கதை. தானா கிருமி பிடிச்சு வர்றவங்களுக்குக் காத்திருங்க. வந்தா போட்டுப் பாருங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். யாரோ பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்தார்கள். அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

காத்திருப்பது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாதா, தெரியும். அப்படிக் கிருமி பிடித்து வருகிறவர்கள் போதுமான அளவு சேர்வதற்குள் நான் உயிரோடு இருக்க மாட்டேன். எங்கள் ஆய்வகத்தை வேறொரு துறைக்குத் தூக்கிக் கொடுக்கப்போவதாக ஏற்கெனவே பேச்சு. குப்பிகள் அலமாரிக்குள் போகும். பிறகு யாராவது அலமாரியைச் சுத்தம் செய்வார்கள். என் வாழ்நாளை ஒரு துப்புரவுப் பணியாளர் கறுப்புப் பையில் கட்டி எடுத்துப் போவார். அன்று பஸ் ஏறாமல் நடந்தே வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தது அத்தை. செட் போடாத வாயோடு "வாங்க மாப்பிள்ளை, முகமே சரியில்லையே" என்றார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். தலைவர் கேட்டது அத்தனையும் என் முன்னால் இருந்தது. மனித வாய். சர்க்கரை நோயாளி. இரண்டு பக்கமும் ஒரே அளவில் தேய்ந்த தாடை. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அவருக்கும் பல் வேண்டும், எனக்கும் வாய் வேண்டும். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று அப்போது தோன்றியது. இப்போதும் அந்தக் கணக்கில் எங்கே தப்பு என்று என்னால் உடனே சொல்ல முடியவில்லை.

அறுவை செய்தது என் நண்பன். கல்லூரியில் அவனுக்குக் குறடு என்று பட்டப்பெயர், பல் பிடுங்குவதில் அவ்வளவு வேகம். பக்கத்து அறையில் அழுதுகொண்டிருக்கிறானே, அவன்தான். அவனை விட்டுவிடுங்கள். ஒரு பக்கம் கடைப் பொடி, மறுபக்கம் அனுமதி வராத என் பொடி என்பது அவனுக்குத் தெரியும். நண்பனுக்காக ஒத்துக்கொண்டான். மற்றது எதுவும் அவனுக்குத் தெரியாது.

முதலில் தாடையை ஸ்கேன் எடுக்கப் போனோம். அதில் ஒரே கூத்து. முகவாயைத் தாங்கியில் வைத்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். எச்சில் விழுங்கினால்கூடப் படம் மங்கிவிடும். அத்தையால் முடியவில்லை. இயந்திரம் தலையைச் சுற்றத் தொடங்கியதும் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்துவிட்டார். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் மங்கல். "இவங்களை அசையாம வெக்க யாராலயும் முடியாது சார்" என்று ஸ்கேன் எடுத்த பெண்ணே சிரித்துவிட்டாள். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான், காட்டிக்கொள்ளவில்லை. "அடுத்த தடவை அசையக் கூடாது அத்தை" என்றேன். "அடுத்த தடவை பாருங்க மாப்பிள்ளை, சிலை மாதிரி இருக்கேன்" என்றார்.

எந்தப் பக்கம் எந்தப் பொடி என்பதை நாமாக முடிவு செய்யக் கூடாது. நம்மை அறியாமல் ஒரு பக்கத்துக்குச் சாதகம் செய்துவிடுவோம். அதனால் காசு சுண்டிப் போட்டுத் தீர்மானிப்பது வழக்கம். அத்தை சாப்பாட்டு மேசையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். தலையா பூவா என்றேன். "தலை" என்றார் யோசிக்காமல். தலை விழுந்தது. என் பொடி இடப்பக்கத்துக்கு என்று ஆயிற்று.

"நான் ஜெயிச்சேனா தோத்தேனா மாப்பிள்ளை?"

"ரெண்டும் இல்ல அத்தை. சும்மா போட்டுப் பாத்தேன்."

"ஜெயிச்சேன்னு சொன்னா என்னவாம்" என்று சொல்லிவிட்டுத் தலையணை உறையை உதறினார்.

கிருமியை நான் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. அளவெடுக்க வேண்டும் என்று சொல்லி, பஞ்சு சுற்றிய குச்சியால் அவருடைய கீழ்ச்செட்டுக்கு அடியிலிருந்தே வழித்து எடுத்தேன். ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டில் வைத்து வளர்த்தேன். அவர் வாயில் இருந்ததைத்தான் அவருக்குத் திருப்பிக் கொடுத்தேன், கொஞ்சம் அதிகமாக. பொடியை உலர்ந்தபடி போட முடியாது. உப்புத் தண்ணீரில் நனைத்தால்தான் ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்தத் தண்ணீரை நானே ஒரு குப்பியில் எடுத்துப் போனேன். குறடு இரண்டு கிண்ணங்களிலும் அதையே விட்டுக் குழைத்தான். இரண்டு பக்கத்துக்கும் ஒரே தண்ணீர், ஒரே அளவு. வலப்பக்கத்துக்கு மட்டும் வைத்திருந்தால் அது சதி. நான் இரண்டு பக்கத்துக்கும் நியாயமாக நடந்துகொண்டேன்.

அடுத்து மாத்திரை. தொற்று வராமல் இருக்கக் குறடு எழுதிக் கொடுத்த கேப்ஸ்யூல்களை அத்தை விழுங்கினால் இரண்டு பக்கமும் சுத்தமாகிவிடும். பொடி காப்பாற்றியதா, மாத்திரை காப்பாற்றியதா என்று யாருக்குத் தெரியும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மனைவியும் அத்தையும் கடைக்குப் போயிருந்தபோது, கேப்ஸ்யூல்களைத் திறந்து மருந்தைக் கொட்டிவிட்டுச் சோளமாவை நிரப்பினேன். சர்க்கரைத் தூள் கையெட்டும் தூரத்தில் இருந்தது, அதுதான் சுலபமாக உள்ளே இறங்கும். ஆனால் அத்தைக்குச் சர்க்கரை ஆகாது என்பதால் மெனக்கெட்டுச் சோளமாவு வைத்தேன். அவர் உடம்பின்மேல் எனக்கு அந்த அக்கறை எப்போதும் இருந்தது. மருந்து உள்ள அட்டை ஒன்றை அப்படியே என் மேசை இழுப்பறையில் போட்டு வைத்தேன், அவசரத்துக்கு.

அத்தையைப் போல ஒரு நோயாளி கிடைப்பது அபூர்வம். வேளை தவறாமல் விழுங்கினார். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார். என்னைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்.

சில நாட்கள் போயின. ஒரு காலை நான் ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்போது கன்னத்தில் கை வைத்தபடி வந்து நின்றார். "மாப்பிள்ளை, உங்க பல்பொடி ஒரு பக்கம் வேலை செய்யுது, ஒரு பக்கம் ஸ்டிரைக் பண்ணுது" என்றார்.

"எந்தப் பக்கம் அத்தை?"

"இந்தா, வலது பக்கம். விண்ணு விண்ணுனு தெறிக்குது. இடது பக்கம் ஜம்முனு இருக்கு. அங்க ஆபரேஷன் பண்ணினதே தெரியல."

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். வலப்பக்கம் தையலைச் சுற்றிச் சிவந்து பளபளவென்று வீங்கியிருந்தது. இடப்பக்கம் ஈறு வெளிர் ரோஜா நிறத்தில், பச்சைக் குழந்தையின் ஈறு போல. நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்த அளவு சரிதான், நான் வீணாக வாழவில்லை என்று அழுதேன். கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. வெளியே அத்தை "பயணிகளின் கனிவான" என்று ஆரம்பித்தார். வலித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு அவர் அறிவிப்பு எதுவும் செய்யவில்லை.

இழுப்பறையில் மருந்து இருந்ததே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். ஈறு வீங்கியது என் கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் கண்ணால் பார்த்ததைக் குழு ஒப்புக்கொள்ளாது. ஸ்கேன் வேண்டும். குறடின் ஊசியோ மருந்தோ நடுவில் புகுந்தால் இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் கலைந்துவிடும். வலப்பக்கம் நன்றாக முற்றிய பிறகு ஸ்கேன் எடுத்துவிட்டு உடனே மருந்தைத் தொடங்கலாம் என்று இருந்தேன். அதுவரை வலிக்கும் காய்ச்சலுக்கும் மாத்திரை கொடுத்தேன். காய்ச்சல் தெரியாமல் இருந்ததால் மனைவியும் கலவரப்படவில்லை. குறடு விசாரித்தபோதெல்லாம் நன்றாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். பாதி வாயைப் பொறுத்தவரை அது உண்மை.

மனைவி ஒரு தடவை கேட்டாள். "என்னங்க, மாத்திரை எல்லாம் ஒழுங்காத்தான் சாப்பிடறாங்க. அப்புறமும் ஏன் இப்படி வீங்குது? குறடு அண்ணன்கிட்ட ஒரு எட்டு காட்டிட்டு வந்துடலாமா?"

"எலும்பு பிடிக்கறப்போ வீங்கத்தான் செய்யும்" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். உண்மையிலேயே அப்படி நினைத்துத்தான் சொன்னாள்.

தாடைக்கு அடியில், நாக்குக்குக் கீழே உள்ள இடம் மென்மையானது. சீழ் அங்கே இறங்கினால் கழுத்துக்குப் போக வழி திறந்தே கிடக்கிறது. எனக்கு அது தெரியும், படித்தவன்தானே. சர்க்கரை உள்ள உடம்பில் அது இவ்வளவு வேகமாகப் போகும் என்றுதான் எதிர்பார்க்கவில்லை. என் தரப்பில் கவனக்குறைவு என்று ஏதாவது எழுத வேண்டுமென்றால் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஆய்வகத்தில் உலையைத் தணித்துக்கொண்டிருந்தபோது மனைவியின் போன் வந்தது. அம்மாவால் எச்சில் விழுங்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது, உட்கார்ந்தே இருக்கிறார், படுக்க மறுக்கிறார் என்றாள். மருத்துவமனைக்குக் கூட்டி வரச் சொல்லிவிட்டு நானும் போனேன். அத்தை அவசரப் பிரிவில் கட்டிலின் விளிம்பில் முன்னால் குனிந்து, இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார். நாக்கு மேலே தள்ளப்பட்டு, வாயோரம் எச்சில் வழிந்தது. அந்தக் குரல் இருந்த இடத்திலிருந்து ஒரு கரகரப்பு மட்டும் வந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. வந்துவிட்டார் மாப்பிள்ளை, இனிப் பார்த்துக்கொள்வார் என்பது போல.

பணியில் இருந்த டாக்டர் சின்னப் பெண். பதற்றத்தில் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் சொன்னது சரி. "கழுத்துல துளை போட்டு மூச்சுக்கு வழி பண்ணிடறோம் சார், மத்ததெல்லாம் அப்புறம்" என்றாள்.

கழுத்தையும் தாடையையும் திறந்து சீழை வடித்துவிட்டால், அதன் பிறகு எடுக்கிற ஸ்கேன் எதற்கும் உதவாது. இரண்டு பக்கமும் கத்தி பட்ட வாயாகிவிடும். நான் என் அடையாள அட்டையைக் காட்டினேன். பல் ஆராய்ச்சித் துறை என்று அதில் பெரிதாகப் போட்டிருக்கும். "சீழ் எங்க இருக்குன்னு தெரியாம வெட்டக் கூடாது. முதல்ல ஸ்கேன் எடுங்க" என்றேன். நான் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவள் மறுத்திருப்பாளோ என்னவோ.

மனைவி குறுக்கே வந்து நின்றாள். "படுக்க வெக்காதீங்க. உக்காந்தாத்தான் அம்மாவுக்கு மூச்சு வருது. சொன்னாக் கேளுங்க."

"ரெண்டு நிமிஷம்தான்" என்றேன்.

அவள் என்னை நம்பித் தள்ளி நின்றாள். அதற்காக அவள் தன்னையே மன்னிக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை என்று முடிந்தால் சொல்லுங்கள்.

ஸ்கேன் மேசையில் அத்தையை மல்லாக்கப் படுக்க வைத்தோம். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கண்கள் என்னையே பார்த்தன. எதையோ சொல்லப் பார்த்தார், வரவில்லை. "அசையக் கூடாது அத்தை" என்று சொல்லி விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினேன். அந்த அறையில் வேறு யாரும் நிற்கக் கூடாது என்பது விதி. வெளியே வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தை, இந்தப் பக்கம் திரை. நான் திரையைப் பார்த்தேன்.

டாக்டர் பெண் கத்திக்கொண்டு உள்ளே ஓடியபோதுதான் நிமிர்ந்தேன். அவர்கள் முயன்று பார்த்தார்கள். நேரம் கடந்துவிட்டிருந்தது.

நடைபாதையில் மனைவி சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போனதும் சொன்னாள். "உங்க பொடிதான் எங்கம்மாவைக் கொன்னுடுச்சு." நான் குனிந்து, பொறுமையாக விளக்கினேன். அது வலப்பக்கம்மா, என் பொடி இடப்பக்கம், இடப்பக்கம் சுத்தமாக இருக்கிறது, வந்து படத்தைப் பார் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். எவ்வளவோ நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து நடந்து போய்விட்டாள். அவளிடமிருந்து எனக்கு வந்த கடைசி வார்த்தை அதுதான், அதுவும் தவறான வார்த்தை. இங்கே எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் அதுதான்.

ஆகவே, குற்றச்சாட்டைத் திருத்தி எழுதுங்கள். தண்ணீரில் கிருமியைக் கலந்தது நான். கேப்ஸ்யூலில் மருந்தை எடுத்துவிட்டு மாவை நிரப்பியது நான். மருந்தை இழுப்பறையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தது நான். மூச்சுக்குத் தவித்தவரைப் படுக்க வைத்தது நான். அத்தையைக் கொன்றது நான், பொடி இல்லை. இதில் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். வக்கீல் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

பதிலுக்கு ஒரே ஓர் உதவி. மருத்துவமனையிலிருந்து நீங்கள் கைப்பற்றி வைத்திருக்கிறீர்களே, அந்த ஸ்கேன், அதன் ஒரு பிரதியைக் குழுத் தலைவருக்கு அனுப்பிவையுங்கள். இன்னொன்றை என் மனைவிக்கு. பார்த்தால் அவளுக்கே விளங்கிவிடும். வலப்பக்கம் ஒரே கறுப்பு, கழுத்துவரை. இடப்பக்கம் பொடி வைத்தது வைத்தபடி இருக்கிறது, ஒரு மணிகூட நகரவில்லை. ஒவ்வொரு மணியையும் தனித்தனியாக எண்ணலாம், அவ்வளவு தெளிவு. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு படம் எனக்குக் கிடைத்ததில்லை. அத்தை சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார், இந்தத் தடவை அவர் கொஞ்சம்கூட அசையவில்லை.